பாங்கு நேரத்து அழுகை

அன்புத் தங்கைக்கு,

ராத்திரி 2.40க்கு எழுதுகிறேன் என்று கடிதத்தின் தலையிலேயே போட்டிருக்கிறாய். அந்த நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். ஷார்ஜாவில் 2.40 என்றால் உன் பட்டுக்கோட்டையில் 4.10. இப்போதே அம்மாவை எழுப்பலாமா, அரை மணி பொறுத்தால் அவளே பால்காரருக்காக எழுந்துவிடுவாளே என்று, தோளில் பிள்ளையும் கையில் போனுமாக நின்று கணக்குப் போடுகிற நேரம் அது.

உன் பெயரை விட்டுவிட்டு, பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். இதே கடிதம் எனக்குத் தோஹாவிலிருந்து வந்திருக்கிறது, சலாலாவிலிருந்தும் வந்திருக்கிறது. எழுதிய கைதான் வேறு.

பிள்ளைக்கு ஐந்து வாரமும் நாலு நாளும். சாயங்காலம் மக்ரிப் பாங்கு சொன்னதும் அழ ஆரம்பிக்கிறான், பதினோரு மணி வரை ஓயவில்லை. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் எடுத்தாயிற்று. டாக்டர் எடை பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். விசிட் விசா முடிந்து அம்மா போன வாரம் ஊருக்குப் போய்விட்டார். வீட்டுக்காரர் விடியற்காலை ஐந்தரைக்கு ஜெபல் அலிக்கு வேலைக்குக் கிளம்பவேண்டும். ஃபிளாட்டின் இன்னொரு ரூமில் வேறொரு குடும்பம். சுவர் என்று பேர், தட்டினால் அட்டைப்பெட்டி மாதிரி சத்தம் வருகிறது. போட்டிம் ஆப்பில் பேசும்போது மாமியார், "எங்க காலத்துல பிள்ளைங்க இப்படி அழுததே இல்ல" என்கிறார். கடைசி வரியில் நீ கேட்டிருக்கிறாய்: "நான் நல்ல அம்மா இல்லையோ அக்கா?"

அதற்குத்தான் முதல் பதில். உன்மேல் குற்றமே இல்லை. ஐந்தரை வாரம் ஆகியிருப்பதால் அழுகிறான். அந்த வயதின் அழுகை அது.

அமெரிக்காவில் பெர்ரி பிரேசல்டன் என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். நல்ல ஆரோக்கியமான 80 குழந்தைகளின் தாய்மார்களிடம் நோட்டுக் கொடுத்து, பிள்ளை எப்போது அழுகிறது, எவ்வளவு நேரம் அழுகிறது என்று தினமும் குறித்துவரச் சொன்னார். 1962இல் அதை வெளியிட்டார். இரண்டாவது வாரத்தில் ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் அழுத பிள்ளைகள், ஆறாவது வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன. அதற்குப் பிறகு அழுகை இறங்கத் தொடங்கி, பன்னிரண்டாவது வாரத்துக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. அழுகை கூடியது சாயங்காலத்தில்தான். இரண்டே முக்கால் என்பது நடுவாந்தரமான பிள்ளையின் கணக்கு. அதைவிடக் கூடுதலாக அழும் பிள்ளைகள் நிறைய உண்டு. உன் மகனும் அதில் ஒருவன். அவன் ஏறும் மேட்டின் உச்சி இன்னும் ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். ஒன்று சொல்லவேண்டும்: குறைமாதத்தில் பிறந்த பிள்ளையென்றால் இந்த வாரக் கணக்கைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணக்கூடாது, டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து எண்ணவேண்டும்.

உன் மாமியார் பொய் சொல்கிறார் என்று நினைக்காதே. அவர் வீட்டிலும் பிள்ளை அழுதிருக்கும். ஆனால் அந்த அழுகையை அவர் ஒருத்தியாகச் சுமந்திருக்கமாட்டார். நம் ஊரில் விளக்கு வைக்கிற நேரத்தில் பச்சைப்பிள்ளை அழுதால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார். ஒருத்தி உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போடுவாள். ஒருத்தி பிள்ளையை வாங்கிக்கொண்டு திண்ணைக்குப் போவாள். பக்கத்து வீட்டு ஆச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள். பெற்றவள் உள்ளே உட்கார்ந்து பத்தியச் சோற்றைச் சாப்பிட்டு முடிப்பாள். திருஷ்டி கழிந்ததோ இல்லையோ, அந்தச் சாயங்காலத்துக்குள் பிள்ளை நாலு பேர் கை மாறியிருக்கும். அந்தக் கைகளைத்தான் மாமியார் மறந்துவிட்டார். பிள்ளைகள் அழவில்லை என்று மட்டும் ஞாபகம் தங்கிவிட்டது.

பிள்ளைத்தமிழில் காப்பு, செங்கீரை, தால் என்று பத்துப் பருவம் வைத்தார்கள். அழுகைக்கு என்று ஒரு பருவம் அதில் கிடையாது. பாடியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ராத்திரி முழுக்கப் பிள்ளையை வைத்திருந்த கை ஏடெழுதியிருந்தால் பதினொன்றாவதாக ஒரு பருவம் வந்திருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

தூக்கி வைத்திருக்கும் கைகளைப் பற்றி ஆய்வும் உண்டு. ஆப்பிரிக்காவின் களஹாரிப் பாலைவனத்தில் வேட்டையாடி வாழ்ந்த குங் சான் என்ற மக்கள் உண்டு. கைப்பிள்ளையை நாள் முழுக்க உடம்போடு கட்டித் தூக்கிக்கொண்டே திரிந்தார்கள், சிணுங்கினாலே பால் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் முதல் இரண்டு மூன்று மாதம்தான் அழுகை கூடுதல் என்று ரொனால்டு பார் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். வித்தியாசம், அழும் நேரம் குறைவு. அவரும் இன்னொருவரும் கனடாவில் செய்த ஆய்வு 1986இல் வந்தது. வழக்கத்தைவிடக் கூடுதலாக, அழாதபோதும்கூடத் தூக்கி வைத்திருந்த பிள்ளைகள், ஆறாவது வாரத்தில் மற்றப் பிள்ளைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. ஆனால் ஏற்கனவே மணிக்கணக்கில் அழத் தொடங்கிவிட்ட பிள்ளைகளுக்கு இதே வைத்தியம் அவ்வளவாகப் பலிக்கவில்லை என்றும் பிறகு பார்த்தார்கள். ஆகையால் பகலில் சமாதானமாக இருக்கும்போதே அவனைத் தூக்கி வைத்துக்கொள். "தூக்கித் தூக்கிப் பழக்கிட்டா பிறகு இறங்கமாட்டான்" என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஐந்து வாரப் பிள்ளை அப்படியெல்லாம் கெட்டுப்போகாது.

இப்போது வளைகுடாவின் கணக்கைப் பார். குழந்தை பிறந்த முதல் இரண்டு மூன்று வாரம் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும். அப்போது அம்மா இருக்கிறார், வீட்டுக்காரர் லீவில் இருக்கிறார், பார்க்க வருகிறவர்கள் டிபன் கேரியரோடு வருகிறார்கள். விசிட் விசா பெரும்பாலும் முப்பது நாளோ அறுபது நாளோதான். பிரசவத்துக்கு முன்னாலேயே வந்துவிட்ட அம்மா, பிள்ளைக்கு ஐந்தாவது ஆறாவது வாரம் நடக்கும்போது பெட்டி கட்டுகிறார். அழுகை உச்சிக்கு ஏறும் அதே வாரத்தில் வீடு காலியாகிறது. நீ வேலைக்குப் போகிறவள் என்றால் இன்னும் கஷ்டம். அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி தனியார் நிறுவனத்தில் பிரசவ விடுப்பு 60 நாள். 45 நாள் முழுச் சம்பளம், 15 நாள் பாதிச் சம்பளம். கத்தாரில் 50, குவைத்தில் 70, ஓமானில் 98 நாள். இந்தியாவில் 26 வாரம். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, இருந்தாலும் கைகள் மிகவும் தேவைப்படும் வாரத்தில் கைகளை எடுத்துக்கொண்டு போகிற ஏற்பாடு இது. உனக்கு நடந்திருப்பது இதுதான். நல்ல அம்மா, கெட்ட அம்மா என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

என் மூத்தவள் 2007 ஆகஸ்டில் பிறந்தாள். ஷார்ஜாவின் அபு ஷகாராவில் ஒரு பெட்ரூம் ஃபிளாட். அப்போது விடுப்பு 45 நாள்தான். போட்டிம் கிடையாது, எடிசலாட் கார்டு வாங்கிச் சுரண்டி நம்பரை அழுத்தி ஊருக்குப் பேசவேண்டும். பாதிப் பேச்சில் காசு தீர்ந்துவிடும். அவளும் சாயங்காலத்துப் பிள்ளைதான். வெளியே தூக்கிக்கொண்டு நடக்கலாமென்றால் ராத்திரி ஒன்பது மணிக்கும் தரையிலிருந்து அனல் எழும்பும். ஆகையால் லிஃப்டுக்கும் குப்பை ரூமுக்கும் நடுவே உள்ள வராந்தாவில் நடப்பேன். பதினெட்டு அடி போக, பதினெட்டு அடி வர. டைல்ஸில் எங்கே விரிசல் என்பதை இன்றைக்கும் சொல்வேன்.

ஒரு ராத்திரி எதிர் ஃபிளாட்டுக் கதவு திறந்தது. எகிப்துக்காரப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். திட்டப்போகிறாள் என்று நினைத்து "சாரி, சாரி" என்றேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு அரபி தெரியாது. உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஈரக் கையை உடையில் துடைத்துவிட்டுப் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கினாள். குப்புறப் போட்டாள், தன் முன்கையின் நீளத்துக்கு. தலை முழங்கை மடிப்பில், வயிறு அவள் கையில், கால்கள் இரண்டும் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் தொங்க. மற்றக் கையால் முதுகைத் தடவிக்கொண்டே நடந்தாள். பிள்ளை நிறுத்தவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று, அவள் கையிலும் அதே கத்தல். நடுவில் என்னைப் பார்த்துக் குளிக்கிற மாதிரி சைகை காட்டினாள். நான் போய்த் தலைக்குத் தண்ணீர் விட்டேன். நாலு நாளாகத் தலை குளிக்கவில்லை. வந்து பார்த்தால் இன்னமும் அழுகை, அவள் இன்னமும் நடந்துகொண்டிருக்கிறாள், முகத்தில் பதற்றமே இல்லை. பழகிய அவள் கையிலும் நிற்கவில்லையே என்று பார்த்தபோதுதான் என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. என் கையில் குறை இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை தானே ஓய்ந்து தூங்கியது. "கலாஸ்", முடிந்தது, என்று சொல்லிப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாள் அந்த அம்மாள்.

அந்த அம்மாள் வந்த ராத்திரிக்கு ஒரு வாரம் முன்னால் நடந்ததையும் சொல்லவேண்டும். இதுவரை எங்கும் எழுதியதில்லை. மூன்று மணி நேரம் அழுகை கேட்டபிறகு பிள்ளையைக் கட்டிலில் போட்டேன். வைத்தேன் என்று சொல்லமுடியாது, போட்டேன். கையில் ஒரு வேகம் வந்துவிட்டது. மெத்தை என்பதால் ஒன்றும் ஆகவில்லை. அந்த வேகம் உனக்கும் வரலாம், உன் வீட்டுக்காரருக்கும் வரலாம், அன்பானவர்களுக்கும் வரும். வரும்போது செய்யவேண்டியது ஒன்றுதான். பிள்ளையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடு. பத்து நிமிஷம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நில். அந்தப் பத்து நிமிஷம் தொட்டிலில் கிடந்து அழுவதால் அவனுக்கு ஒரு கெடுதலும் வராது. பிடித்து உலுக்கினால் வரும். கைக்குழந்தையின் தலை அதன் உடம்பு நீளத்தில் கால் பங்கு. கழுத்தில் பலம் இல்லை. சில நொடி உலுக்கினாலே மூளையின் ரத்தக்குழாய்கள் கிழிந்து, பார்வையோ உயிரோ போகலாம். இதை உன் வீட்டுக்காரரிடம் வாய்விட்டுச் சொல். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் வந்தாலும் அவர்களிடமும் சொல். தூக்கக் கலக்கத்தில் சோபாவில் சாய்ந்து மார்பில் போட்டுக்கொண்டு கண் அசராதே. பிள்ளை சந்தில் புதைந்துவிடும்.

ஊரிலிருந்து பார்சலில் வந்த மருந்துகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். கிரைப் வாட்டர், நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் 1851இல் தொடங்கி வைத்தது. பல தலைமுறைக்கு அதில் ஆல்கஹால் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். அழுகையை அது நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வாயுவுக்கென்று பார்மசியில் கொடுக்கும் சிமெதிகோன் சொட்டும் வெறும் தண்ணீர்ச் சொட்டைவிட மேலாக வேலை செய்யவில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. ஊரிலிருந்து யாராவது வயிற்றுவலிச் சொட்டு என்று கொண்டுவந்திருந்தால் அட்டையைத் திருப்பிப் பார். டைசைக்ளோமின் என்று இருந்தால் குப்பையில் போடு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அது மூச்சையே பாதிக்கக்கூடியது. தேன் ஒரு வயது வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்காதே. மாசிக்காய், கடுக்காய், சாதிக்காய், வசம்பு என்று அம்மா உரைமருந்துக்குக் கட்டிக்கொடுத்த பொட்டலத்தை அம்மாவின் அன்பாக அலமாரியில் வைத்துக்கொள். பிள்ளையின் வாய்க்குப் போகவேண்டாம். ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. "உரம் விழுந்திருக்கு" என்று சேலையில் போட்டு உருட்டுவதும் தொக்கம் எடுப்பதும் ஷார்ஜாவிலும் ஆள் வைத்து நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். கூடவே கூடாது.

அழுகிறான், அப்படியானால் பால் பற்றவில்லை என்று பால்பவுடர் டின் வாங்கச் சொல்வார்கள். நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாக மூத்திரம் போகிறானா, எடை ஏறுகிறதா, இவை இரண்டும்தான் அளவுகோல். உன் மகன் போன வாரம் 210 கிராம் ஏறியிருக்கிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் பால் போதும்.

ஆனால் எல்லா அழுகையும் வயதின் அழுகை கிடையாது. மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு உடம்பு 38 டிகிரியைத் தொட்டால், பச்சையாக வாந்தி எடுத்தால், பாலைத் தொடவே மறுத்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், உச்சிக்குழி உப்பினால், அழுகை முனகலாகத் தேய்ந்து பிள்ளை துவண்டுவிட்டால், அல்லது உனக்குப் பழகிய குரலாக இல்லாமல் திடீரென்று வேறு மாதிரி வீறிட்டால், விடியட்டும் என்று காத்திராதே. எமர்ஜென்சிக்குப் போ, வண்டி இல்லையென்றால் 998. பையன் என்பதால் தொடையிடுக்கில் வீக்கம் இருக்கிறதா என்று பார். ஒரு விஷயத்தை என் இரண்டாவது பிள்ளைதான் கற்றுக்கொடுத்தான். மூன்றாவது மாதம், ஒரு மத்தியானம் முழுக்க விடாமல் அழுதான். காலுறையைக் கழற்றினால் நடுவிரல் சிவந்து வீங்கியிருக்கிறது. உற்றுப் பார்த்தால் என் தலைமுடி ஒன்று இரண்டு சுற்றுச் சுற்றி இறுகிக் கிடந்தது. பிரசவத்துக்குப் பிறகு நமக்கு முடி கொட்டும், அது காலுறைக்குள் போய்விடும். டாக்டர் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுத்தார். அழுகை நின்றது. உன் மகனின் கைவிரல், கால்விரல் ஒவ்வொன்றையும் தினமும் பிரித்துப் பார்.

இனி உன் வீட்டுக்காரருக்கு. தம்பி, இந்தப் பகுதியை நீங்கள் படிக்கவேண்டும். அமீரகத்தில் தனியார் வேலையில் இருக்கும் தகப்பனுக்கும் தாய்க்கும் ஐந்து வேலை நாள் பெற்றோர் விடுப்பு உண்டு. பிள்ளை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். பலர் ஆஸ்பத்திரி வாரத்திலேயே அதைத் தீர்த்துவிடுகிறார்கள். உங்களுக்கு மிச்சம் இருந்தால் இந்த வாரம் எடுங்கள். இல்லாவிட்டால் ராத்திரியைப் பங்கு போடுங்கள். வேலை விட்டு வந்து குளித்ததும் ஏழரையிலிருந்து பத்து வரை பிள்ளை உங்களுடையவன். பால் குடிக்க மட்டும் அவளிடம் கொடுங்கள். "அவனுக்கு என் கை ஒத்துக்கல" என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் யார் கையும் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. பத்துக்குப் படுத்தால் ஐந்துக்கு எழ ஏழு மணி நேரம் இருக்கிறது.

தங்கச்சி, பக்கத்து ரூம்காரர்களிடம் நீயே போய்ப் பேசு. "இன்னும் சில வாரம் இப்படித்தான் இருக்கும், டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்றுவிட்டார், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல். சொல்லாத அழுகை தொல்லையாகக் கேட்கும், சொன்ன அழுகையை ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். அந்த ரூமில் இருக்கும் அக்காவிடம் இருபது நிமிஷம் பிள்ளையைக் கொடுக்கத் தயங்காதே. அவளுக்கும் ஊரில் விட்டுவிட்டு வந்த பேரன் பேத்தி இருக்கலாம். வேலைக்குத் திரும்பினால் பால் கொடுக்கும் இடைவேளையாக நாளைக்கு ஒரு மணி நேரம் வரை, பிள்ளை பிறந்து ஆறு மாதம் ஆகும்வரை சட்டத்தில் உண்டு. கேட்டு வாங்கு. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2015இல் முதல் குழந்தை நேய நகரம் என்று அறிவித்தது நீ இருக்கும் ஷார்ஜாவைத்தான். அந்தப் பெயருக்காக மால்களிலும் அலுவலகங்களிலும் பால் கொடுக்கும் அறைகள் கட்டியிருக்கிறார்கள். கூச்சப்படாமல் பயன்படுத்து.

உன் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. "அவன் தூங்கும்போதும் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது, சும்மாவே அழுகை வருது" என்று எழுதியிருக்கிறாய். இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உனக்கென்று ஒரு டாக்டரைப் பார். எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு. பத்துக் கேள்வி, தமிழிலும் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வை அது காட்டிக்கொடுக்கும். மனச்சோர்வு ஒரு நோய், அதற்கு மருந்து உண்டு, பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்தும் உண்டு. உன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடவேண்டும் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே வீட்டுக்காரரை எழுப்பிச் சொல். அடுத்த நாள் அவர் வேலைக்குப் போகவேண்டுமே என்று பார்க்காதே.

நீ ராத்திரிச் சாப்பாட்டைப் பன்னிரண்டு மணிக்கு, ஆறிப்போனதைக் குக்கரிலிருந்து அப்படியே நின்றுகொண்டு சாப்பிடுவதாக எழுதியிருக்கிறாய். இன்றைக்கு ஆறு மணிக்கே தட்டில் போட்டு உட்கார். பாங்கு சொல்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடு. அடுத்த வாரம் எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா